தொட்டியின் முன்னால் எட்டுப் பேர்

நீளமான எஃகுத் தொட்டி. அதன் விளிம்பில் எட்டுப் பேர் வரிசையாக மண்டியிட்டிருக்கிறார்கள். கைகள் பின்கட்டாகக் கட்டப்பட்டிருக்கின்றன, வாயில் துணி. முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் கையில் பேஸ்பால் மட்டை, இன்னொருவன் கையில் கத்தி. மட்டைக்காரன் பின்மண்டையில் ஒரே அடி அடிக்கிறான். தலை தொய்ந்ததும் கத்திக்காரன் கழுத்தை அறுத்துத் தொட்டிக்குள் சாய்க்கிறான். ரத்தம் தொட்டியோடு ஓடுகிறது. இருவரும் நகர்ந்து அடுத்த ஆளின் பின்னால் போய் நிற்கிறார்கள். அவர்களிடம் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. காலை ஷிஃப்டுக்கு வந்தவர்கள் வேலை பார்ப்பதைப் போல இருக்கிறது.

நான்கு பேர் இப்படி முடிந்துபோகிறார்கள். ஐந்தாவது ஆள் கிளென். அவனுக்கு அப்பால் ரிக், டேரில், பாப்.

செத்தவர்கள் எழுந்து நடந்து மனிதரைக் கடிக்கும் உலகைக் காட்டும் ‘தி வாக்கிங் டெட்’ தொடரின் ஐந்தாவது சீசன் 2014 அக்டோபர் 12 அன்று ‘நோ சாங்க்சுவரி’ என்ற எபிசோடோடு தொடங்கியது. அன்றிரவு அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1.73 கோடிப் பேர் பார்த்தார்கள். பதினொரு சீசன் ஓடிய தொடரில் இதைத் தாண்டிய எபிசோட் வேறில்லை. என் கணக்கில், அதன் எல்லாத் தொடக்க எபிசோடுகளிலும் இதுதான் முதலிடம். ரத்தத்துக்காகச் சொல்லவில்லை. போன சீசன் வாங்கி வைத்த கடன் அத்தனையையும் ஒரு மணி நேரத்துக்குள் வட்டியும் முதலுமாகத் தீர்க்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கடன் எப்படி ஏறியது? நான்காவது சீசனின் கடைசி எபிசோட் 2014 மார்ச் 30 அன்று வந்தது. ‘அனைவருக்கும் அடைக்கலம்’ என்று தண்டவாளம் நெடுகப் பலகை வைத்து அழைத்த டெர்மினஸ் என்ற இடத்துக்கு, ரிக் தலைமையில் பிழைத்துக்கிடக்கும் கும்பல் வந்து சேர்கிறது. உள்ளே போன சிறிது நேரத்தில் குறி பார்த்துச் சுடத் தொடங்குகிறார்கள், ஆனால் ஆள்மீது சுடவில்லை. காலடியில் சுட்டுச் சுட்டு, மாட்டை ஓட்டுவதுபோல் ஒரு சரக்கு ரயில் பெட்டியின் வாசலுக்கு ஓட்டிவிடுகிறார்கள். கதவு மூடிக்கொள்கிறது. நம்மோடு மோதுவது தப்பு என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்ற பொருளில் இருட்டுக்குள் ரிக் ஒரு வரி சொல்கிறான், சீசன் முடிந்துவிட்டது. அதன்பின் 28 வாரம் காத்திருப்பு.

அந்த 28 வாரமும் ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ‘எப்படி வெளியே வருவார்கள்?’ என்பது. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், பிறகு தேவைப்படும்.

எபிசோட் ‘அப்போது’ என்ற அட்டையோடு தொடங்குகிறது. அதே போன்ற ரயில் பெட்டியின் இருட்டில் டெர்மினஸ் தலைவன் கேரத்தும் அவன் ஆட்களும் ஒடுங்கிக் கிடக்கிறார்கள், வெளியே யாரோ அலறுகிறார்கள். பலகை வைத்து எல்லோரையும் அழைத்தது அவர்கள்தான், நல்ல எண்ணத்தோடுதான் அழைத்தார்கள். வந்தவர்களில் ஒரு கூட்டம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, இவர்களைப் பெட்டியில் அடைத்துவைத்து, ஒவ்வொருவராக இழுத்துப் போகிறது. அடுத்து ‘இப்போது’ என்ற அட்டை. பெட்டிக்குள் ரிக் கும்பல். அடைபட்டவர்கள் எப்படி அடைப்பவர்கள் ஆனார்கள் என்பதற்கு ஒரு வரி வசனம்கூட இல்லை, இரண்டு அட்டைகளே போதுமாக இருக்கின்றன.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பெல்ட் கொக்கி, மரச்சிம்பு என்று கையில் சிக்கிய ஒவ்வொன்றையும் ஆயுதமாக்குகிறார்கள். கதவு திறந்ததும் யார் எந்தப் பக்கம் பாய்வது, கண்ணையும் கழுத்தையும் எப்படிக் குறிவைப்பது என்று முடிவாகிறது. எல்லோரும் கதவைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். ஆனால் திறப்பது கூரை. மேலிருந்து ஒரு குப்பி விழுகிறது, வெடித்துக் கண்ணைக் கட்டுகிறது. அந்தக் குழப்பத்தில் நான்கு பேரை இழுத்துப் போய்விடுகிறார்கள். டெர்மினஸ்காரர்கள் இந்தப் பெட்டிக்குள் இருந்தவர்கள். உள்ளே இருப்பவன் எதைத் திட்டமிடுவான், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

இனி தொட்டிக்குத் திரும்பலாம். முதலில் கழுத்தறுபடுகிற நீண்ட முடிக்கார இளைஞனைப் பலர் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். அவன் பெயர் சாம். நான்காவது சீசனின் நான்காவது எபிசோடில் ரிக்கும் அவன் கும்பலைச் சேர்ந்த கேரலும் ஒரு வீட்டில் சந்தித்தவன். குறித்த நேரத்தில் திரும்பி வா என்று சொல்லி ரிக் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தனுப்பினான். அவன் வரவேயில்லை. அதே எபிசோடின் முடிவில், நோய் பரவாமல் தடுக்க இரண்டு பேரைக் கொன்ற குற்றத்துக்காகக் கேரலை ரிக் கூட்டத்திலிருந்து விலக்கிவைக்கிறான். பிரியும்போது தன் கணவன் கொடுத்த கடிகாரத்தைக் கேரல் ரிக்கிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஒரே எபிசோடில் கைமாறிய இரண்டு கடிகாரங்கள். ஐந்தாவது சீசனின் முதல் மணி நேரத்தில் முதல் கடிகாரத்தை வாங்கியவன் தொட்டியில் கிடக்கிறான். டெர்மினஸில் பறித்துக் குவித்த பொருட்களுக்கு நடுவே இரண்டாவது கடிகாரம் அதைக் கொடுத்தவளின் கண்ணில் படுகிறது. இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. கேரல் அதைக் கையில் எடுக்கிறாள், காட்சி நகர்ந்துவிடுகிறது.

கிளென் தலைக்கு மட்டை ஓங்கியிருக்கும் அந்த நொடியில் கேரத் உள்ளே வருகிறான். கையில் குறிப்பேடு. எத்தனை தோட்டா செலவானது என்று கேட்கிறான். ஒருவன் 38 என்கிறான். இன்னொருவன் எண்ணவில்லை, தடுமாறுகிறான். போய் உறைகளை எண்ணிவிட்டு வா என்று உத்தரவு. கேரத்தாக வரும் ஆண்ட்ரூ ஜே. வெஸ்ட் இந்த இடத்தில் குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் நடித்திருப்பது எனக்கு இன்னும் வியப்பு. நான்கு பிணங்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு மேலாளர் சரக்கிருப்புப் பார்க்கிறார். மனிதக்கறி தின்னும் இந்த டெர்மினஸ்காரர்களை வெறியர்களாகக் காட்டியிருந்தால் இந்தப் பயத்தில் பாதிகூட வந்திருக்காது.

அடுத்து கேரத் பாப்பின் கண்ணருகே கத்தியை வைத்து, வேலிக்கு வெளியே புதைத்த பையில் என்ன இருக்கிறது என்று ரிக்கிடம் கேட்கிறான். ரிக் ஒன்றுவிடாமல் சொல்கிறான்: ஏகே-47, .44 மேக்னம், தானியங்கித் துப்பாக்கிகள், இரவில் பார்க்கும் குறிநோக்கி, வில், பிறகு சிவப்புக் கைப்பிடி போட்ட வெட்டரிவாள். அந்த அரிவாளால்தான் உன்னைக் கொல்வேன் என்று முடிக்கிறான். கட்டுண்டு மண்டியிட்டிருப்பவன் பேசும் பேச்சு இது. கேரத் சிரித்துவிட்டு நகர்கிறான். அப்போது வெடிக்கிறது.

வெடித்தது தற்செயலாக அல்ல, அதற்கு முந்தைய ஒவ்வொரு படியும் எபிசோடில் இருக்கிறது. டெர்மினஸின் துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்த நடைபிணங்களான வாக்கர் கூட்டம் அந்தப் பக்கம் திரும்புகிறது. கேரலும் கும்பலின் இன்னொரு ஆளான டைரீஸும் ரிக்கின் கைக்குழந்தை ஜூடித்தோடு ஒரு குடிசையை அடைகிறார்கள். அங்கே வாண வெடிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறான் மார்ட்டின் என்ற டெர்மினஸ் ஆள். அவனுடைய வாக்கி-டாக்கிப் பேச்சில் வாள் வைத்திருக்கும் பெண்ணும் தொப்பி போட்ட பையனும் அடிபடுகிறார்கள். கும்பலின் மிஷோனும் ரிக்கின் மகன் கார்லும் உயிரோடு உள்ளே இருக்கிறார்கள் என்று கேரலுக்குத் தெரிய அந்தப் பேச்சே போதும். வாணங்களையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொள்கிறாள். செத்த வாக்கரின் ரத்தத்தையும் சேற்றையும் முகத்திலும் உடையிலும் பூசிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிறாள். முதல் சீசனின் இரண்டாவது எபிசோடில் ரிக்கும் கிளெனும் செய்த அதே உத்தி. அன்று மழை வந்து வாடையைக் கழுவிவிட்டது, ஓட வேண்டியதாயிற்று. வாடை இருக்கும் வரை, சத்தம் போடாத வரை, நடையில் அவசரம் காட்டாத வரைதான் இது பலிக்கும். கேரல் மூன்றையும் மீறுவதில்லை.

பிறகு புரொபேன் தொட்டி. சினிமாவில் எரிவாயுத் தொட்டியை ஒரு தோட்டா தொட்டதும் வெடித்துவிடும். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. தோட்டா துளைதான் போடும், தீ வைக்காது. புரொபேன் எரிய வேண்டுமானால் காற்றோடு ஏறத்தாழ 2 முதல் 9.5 சதவீதம் வரை கலந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. தொட்டிக்குள் காற்றே இல்லை, எனவே உள்ளே எரிய வழியில்லை. கேரல் முதலில் துளை போடுகிறாள். வாயு சீறி வெளியேறுகிறது. புரொபேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் மேலே பறந்துவிடாமல் தரையோடு படர்ந்து நிற்கும். அதன் பிறகே ராக்கெட் வாணத்தை விடுகிறாள். துளை, கசிவு, நெருப்பு என்று வரிசை சரியாக இருக்கிறது. தீப்பந்து அளவுக்கு மீறிப் பெரியது, நேரமும் மிகக் குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு சண்டைக் காட்சிக்கு இந்த அளவு பொறுப்பு போதும். வெடியில் வேலி சரிகிறது, வாக்கர் கூட்டம் உள்ளே நுழைகிறது.

டெர்மினஸ் எங்கே சறுக்கியது என்று பார்த்தால் எல்லாம் அவர்கள் கைவேலை. ஆட்களை ஓட்டச் செலவழித்த தோட்டாச் சத்தமே வாக்கர்களை வரவழைத்தது. யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய வாக்கி-டாக்கியில் உள்விஷயம் பேசினார்கள். எரிவாயுத் தொட்டியை வெளியிலிருந்து குறி பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தார்கள். புதைத்த பையை எடுப்பதற்கு முன்பே அறுப்பைத் தொடங்கினார்கள். மண்டியிட வைக்கப்பட்டவனின் உள்ளங்கையைச் சோதிக்கவில்லை. பெட்டியிலிருந்து கொண்டுவந்த மரச்சிம்பு ரிக்கிடம்தான் இருந்தது. வெடி அதிர்ச்சியில் அறுப்பவர்கள் கவனம் சிதறியதும் கட்டை அறுத்துக்கொள்கிறான், அடுத்த சில நொடிகளில் இருவரும் தரையில். எழுத்தாளர் ஸ்காட் எம். கிம்பிள் ஓட்டையை அடைக்க அதிர்ஷ்டத்தைக் கூப்பிடவேயில்லை. எல்லாம் முன்கூட்டியே கண்ணில் காட்டப்பட்டவை.

இந்த ஓட்டத்துக்கு நடுவே கிளென் ஒரு பிடிவாதம் பிடிக்கிறான். வேறொரு பெட்டிக்குள் யாரோ கத்துகிறார்கள், திறந்துவிட வேண்டும், நாம் இன்னும் அப்படிப்பட்டவர்கள்தான் என்கிறான். திறக்கிறார்கள். முகமெல்லாம் பச்சை குத்திய ஒருவன் பித்துப் பிடித்துப் பாய்ந்து வருகிறான், நாமெல்லாம் ஒன்று என்று கத்துகிறான், வாக்கர் அவனைக் கடிக்கிறது. முதல் பார்வையில் தேவையில்லாத காட்சி போலத் தோன்றும். எபிசோட் முடிவில் மறுபடி ‘அப்போது’ வரும்போது புரிகிறது: கேரத் கூட்டத்தைச் சிதைத்தவர்களில் ஒருவன் அவன். டெர்மினஸ்காரர்கள் அவனைக் கொல்லாமல் அடைத்து வைத்திருந்தார்கள். அறுப்பவனாக இரு, இல்லையேல் ஆடுமாடாக இரு என்ற பாடத்தை அவர்கள் படித்தது அவனிடம்தான்.

அதே பாடத்தைக் கேரலிடம் சொல்பவள் டெர்மினஸ் பெண் மேரி. மெழுகுவர்த்திகள் எரியும் அறை, தரையில் இறந்தவர்களின் பெயர்கள், சுவரில் ‘இனி ஒருபோதும் இல்லை, யாரையும் நம்பாதே, எப்போதும் நாமே முதல்’ என்ற பொருளில் எழுத்துகள். அந்தப் பலகைகள் ஒருகாலத்தில் உண்மையாக இருந்தன என்கிறாள் மேரி. கேரல் அவள் காலில் சுட்டு, கதவைத் திறந்து, வாக்கர்களை உள்ளே விட்டுவிட்டுப் போகிறாள். மெலிசா மெக்பிரைட் முகத்தில் அப்போது வெற்றி இல்லை. முதல் சீசனில் கணவனிடம் அடிவாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்ற பெண் இவள்தான் என்பது நினைவுக்கு வந்தால் நெஞ்சு கனத்துவிடும்.

தொடர் அப்போது 16 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டுவந்தது. அந்தப் படச்சுருளின் மணல்மணலான தன்மை ஒப்பனைக்கும் உதவுகிறது, செயற்கைத் தோலின் ஓரம் கண்ணில் உறுத்தாது. இயக்கியவர் கிரெக் நிக்கடேரோ. 1988இல் தொடங்கிய கேஎன்பி ஒப்பனை நிறுவனத்தின் மூவரில் ஒருவர், இந்தத் தொடரின் வாக்கர்களை உருவாக்கியவரும் அவரே. ஆனால் இந்த எபிசோடில் அவர் தன் கைவரிசையைப் பெரும்பாலும் அடக்கி வாசிக்கிறார். தொட்டிக் காட்சியில் காயத்தைவிட, அடுத்து இருப்பவர்களின் கண்களில்தான் கேமரா நிற்கிறது. வாய் கட்டப்பட்ட நடிகர்களுக்குக் கண்ணை விட்டால் வேறு கருவி இல்லை.

குறைகளும் உண்டு. தப்பி ஓடும்போது அத்தனை துப்பாக்கிகள் வெடித்தும் முக்கியமானவர்கள் யாருக்கும் கீறல் விழவில்லை. ஒற்றை ஆளாகக் கேரல் ஒரு கோட்டையைச் சாய்ப்பது கொஞ்சம் சுலபமாகவே அமைந்துவிட்டது. குடிசையில் குழந்தையின் கழுத்தைப் பிடித்து மிரட்டும் மார்ட்டினை டைரீஸ் அடித்து நொறுக்கிவிட்டு, கொன்றுவிட்டேன் என்கிறார். அது பொய் என்பது மூன்றாவது எபிசோடில்தான் தெரியவரும். இந்த எபிசோடின் கணக்குக்குள் அது ஒட்டாமல் நிற்கிறது.

ஆனால் காட்டுக்குள் கேரலைக் கண்டதும் டேரில் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் அந்த நிமிடம் எல்லாக் குறையையும் தாண்டிவிடுகிறது. விலக்கிவைத்த ரிக்கே எதிரில் வந்து, இதைச் செய்தது நீயா என்று கேட்கிறான். பிறகு கேரல் அவர்களைக் குடிசைக்கு அழைத்துப் போகிறாள். டைரீஸ் கையில் ஜூடித். ரிக்கும் கார்லும் ஓடுகிறார்கள். செத்துவிட்டதென்று நினைத்த குழந்தை. நான்காவது சீசனின் நடுவில் சிறைச்சாலை விழுந்தபோது தொடங்கிய பாரம் இங்கேதான் இறங்குகிறது.

இனி அந்த ‘எப்படி’ கேள்விக்கு வருகிறேன். இரண்டு வருடம் கழித்து, 2016 அக்டோபர் 23 அன்று ஏழாவது சீசன் தொடங்கியது. அதே கிம்பிள் எழுத்து, அதே நிக்கடேரோ இயக்கம். மறுபடி மண்டியிட்ட வரிசை, இம்முறை 11 பேர். மறுபடி பேஸ்பால் மட்டை, இம்முறை முள்கம்பி சுற்றியது. முன்பு மட்டையிலிருந்து தப்பிய அதே கிளென் இம்முறை அதற்கு இரையாகிறான். காத்திருப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 29 வாரம். ஆனால் ஆறாவது சீசன் ஏப்ரல் 3 அன்று முடிந்தபோது விட்டுச்சென்ற கேள்வி ‘எப்படி’ அல்ல, ‘யார்?’ மட்டை இறங்குவதை அடிபடுபவரின் கண் வழியே காட்டி, ஆளைக் காட்டாமல் திரையை இருட்டாக்கினார்கள்.

‘யார்’ என்ற கேள்விக்கு விடை ஒரு பெயர். தெரிந்துவிட்டால் தீர்ந்தது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் தீர்ந்தது. ‘எப்படி’ என்ற கேள்விக்கு விடை ஒரு மணி நேர வேலை. டெர்மினஸிலிருந்து தப்பிவிட்டார்கள் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தாலும் அந்த எபிசோடின் சுவை குறையாது. ஏழாவது தொடக்கமோ அந்த ஒரு பெயரையும் கையில் பொத்திவைத்துக்கொண்டு, மட்டைக்காரன் நீகனின் வேனில் ரிக்கை ஏற்றி வெகுதூரம் அலைக்கழித்த பிறகே விரலைத் திறக்கிறது. முதல் அடி கும்பலின் ஏப்ரகாமுக்கு. டேரில் பொறுக்காமல் நீகனை முஷ்டியால் குத்தியதற்குத் தண்டனையாக அடுத்த அடி கிளெனுக்கு. நடிப்பில் யாரும் குறை வைக்கவில்லை. ரிக்காக வரும் ஆண்ட்ரூ லிங்கன் அந்த எபிசோடில் கண்ணாலேயே உடைந்துபோகிறார். ஆனால் மண்டியிட்டவர்கள் செய்வதற்கு அங்கே எதுவுமில்லை, மரச்சிம்பு இல்லை, கேரல் இல்லை. பார்ப்பவரும் அவர்களோடு மண்டியிட வேண்டியதுதான். அன்று 1.7 கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் அது ஏறத்தாழ 1.25 கோடியாக இறங்கியது. போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

‘நோ சாங்க்சுவரி’யை முழுதாக ருசிக்க நான்கு சீசனையும் மறுபடி பார்க்கத் தேவையில்லை. முதல் சீசனின் இரண்டாவது எபிசோட், ரத்தப் பூச்சுக்காக. மூன்றாவது சீசனின் 12ஆவது, ரிக்கின் பழைய நண்பன் மோர்கனுக்காக. நான்காவது சீசனில் 4ஆவது, 14ஆவது, 16ஆவது. அந்த 14ஆவது எபிசோடை மட்டும் தவிர்க்கவே கூடாது. கேரலும் டைரீஸும் இரண்டு சிறுமிகளோடு தங்கும் அந்த வீட்டில் நடந்தது தெரியாவிட்டால், டெர்மினஸ் வேலியை நோக்கி நடக்கும் கேரல் வெறும் வீராங்கனையாகத் தெரிவாள். எழுத்தோட்டம் முடிந்ததும் அணைத்துவிடவும் வேண்டாம். ரிக் சேற்றைப் பூசி ‘அடைக்கலம் இல்லை’ என்று மாற்றிய பலகையின் முன்னால் முகமூடியைக் கழற்றிவிட்டு ஒருவர் நிற்பார். அவர்தான் மோர்கன்.

சிவப்புக் கைப்பிடி அரிவாளுக்கு இரண்டே எபிசோட் காத்திருந்தால் போதும். பாப்பின் காலை வெட்டித் தின்ற பிறகு கேரத் மாதா கோயிலுக்குள் வந்து மாட்டிக்கொள்கிறான். உயிரோடு விட்டுவிடு, இனி நம் பாதை குறுக்கிடாது என்று கெஞ்சுகிறான். முன்பே உனக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறான் ரிக். கை இடுப்புக்குப் போகிறது. சிவப்புக் கைப்பிடி வெளியே வருகிறது.